கன்சோல் கேம்களை கிளவுட் ஸ்ட்ரீமிங்கில் ஆடிப் பார்த்தேன்: முதல் அனுபவம், கொஞ்சம் கேள்விகள்

நிலாப்பொத்தான்

என்னிடம் கன்சோல் இல்லை. பழைய லேப்டாப், டிவி, ஃபோன், ஒரு ப்ளூடூத் கன்ட்ரோலர், அவ்வளவுதான். கிளவுட் ஸ்ட்ரீமிங் என்றால் கேம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும், படம் மட்டும் நெட் வழியாக நமக்கு வரும். அப்படி ஒரு சந்தா எடுத்து, லேப்டாப், டிவி, ஃபோன் மூன்றிலும் மாற்றி மாற்றி ஆடினேன். எந்தச் சேவை என்று சொல்லப்போவதில்லை. நான் கேட்கப்போகும் விஷயம் எல்லாச் சேவைக்கும் பொது என்று நினைக்கிறேன்.

முதலில் பிடித்தது. ஒரு பெரிய கேமைத் தேர்ந்தெடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஆடத் தொடங்கிவிடலாம். டவுன்லோடு இல்லை, அப்டேட்டுக்குக் காத்திருப்பது இல்லை, இடம் போதவில்லை என்று எதையும் அழிக்க வேண்டியதில்லை. டிவியில் பாதியில் நிறுத்தியதை ஃபோனில் அதே இடத்திலிருந்து தொடர்ந்தேன். பேர் மட்டும் கேள்விப்பட்டு, ஆடுவோமா என்று யோசித்துக்கொண்டிருந்த கேம்களை எல்லாம் திறந்து பார்த்தேன். சிலவற்றை உடனே மூடினேன், இரண்டில் அப்படியே மூழ்கிவிட்டேன். இந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

படம் பற்றி. நின்று பார்த்தால் அருமை. ஓடத் தொடங்கினால்தான் வித்தியாசம் தெரிகிறது. புல்வெளியில் குதிரை ஓட்டினால் புல் எல்லாம் பச்சைக் கரைசல் ஆகிவிடுகிறது. மழைக் காட்சியில் கட்டம் கட்டமாக உடைகிறது. இருட்டான குகையில் சுவரில் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஃபோனின் சின்னத் திரையில் இவை எதுவுமே கண்ணில் படவில்லை.

பொத்தானை அழுத்தியதும் வர வேண்டியது கொஞ்சம் தள்ளி வருவதை முதல் நிமிடத்திலேயே உணர்ந்தேன். கேமராவைத் திருப்பும்போது கை ஏதோ கனமாக இருப்பதுபோல் ஒரு உணர்வு. ஆனால் கதை சார்ந்த கேமில் சீக்கிரமே அது பழகிவிட்டது. முறை வைத்து மாறி மாறி ஆடும் டர்ன் பேஸ்டு கேமில் தாமதம் இருப்பதே தெரியவில்லை. கார் ரேஸில் வளைவுகளுக்குக் கொஞ்சம் முன்பே திருப்பப் பழகிக்கொண்டேன். தாவிக் குதிக்கும் பிளாட்ஃபார்மர் கேமில் மட்டும் எரிச்சல் வந்தது.

என் பிரச்சினை வேறு. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு கணம் படம் குழம்பி, ஆள் தானாக நாலடி நடந்து பள்ளத்தில் விழுந்திருப்பார். மாலை நேரத்தில் இது அதிகம். வேகச் சோதனையில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. சேவை கேட்பதோ அதில் கால் பங்குகூட இல்லை. அப்புறம் ஏன் இப்படி?

---

ரூட்டர்ராசா

நல்ல பதிவு. உங்கள் கேள்வியில் எல்லோரும் தவறவிடும் புள்ளி ஒன்று இருக்கிறது. வேகச் சோதனை சொல்வது ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வரும் என்று. கேமுக்கு வேண்டியது ஒவ்வொரு துண்டும் சரியான நேரத்துக்கு வந்து சேர்வது. இரண்டும் வேறு வேறு.

படம் பார்க்கும்போது ஆப் சில நொடிகளுக்கான வீடியோவை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. லைன் இடையில் ஒரு நொடி தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் அடுத்த ஃப்ரேம், அதாவது அடுத்த படம், என்ன என்பதை நீங்கள் அழுத்தும் பொத்தான்தான் முடிவு செய்கிறது. இன்னும் உருவாகாத ஃப்ரேமை முன்கூட்டி எடுத்துவைக்க வழியே இல்லை. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒன்று வந்தாக வேண்டும். தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கினால், அது வந்து சேர்வதற்குள் கணம் போய்விடும். அதனால்தான் உங்களுக்குப் படம் நிற்பதற்குப் பதிலாகக் குழம்புகிறது.

தாமதம் எங்கெங்கே சேர்கிறது என்று பார்ப்போம். கன்ட்ரோலரிலிருந்து உங்கள் சாதனத்துக்குச் சில மில்லிசெகண்ட். அங்கிருந்து ரூட்டர் வழியாக டேட்டா சென்டர். அங்கே கேம் அடுத்த ஃப்ரேமைக் கணக்கிட்டு வரைய வேண்டும். அதை வீடியோவாகச் சுருக்க வேண்டும். திரும்ப வந்த பிறகு உங்கள் சாதனம் அதை விரித்து டிவிக்குக் கொடுக்க வேண்டும். டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றுகிறேன் என்று இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

இதில் தூரத்தின் பங்கு பலர் நினைப்பதைவிடக் குறைவு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். டேட்டா சென்டர் 1000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 10 மில்லிசெகண்ட். நிஜத்தில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல ரூட்டர்கள் இருக்கின்றன, ஆகவே கூடும். இருந்தாலும் உங்கள் டிவி கேம் மோடில் இல்லாவிட்டால் அந்த டிவி மட்டுமே இதைவிடப் பல மடங்கு தின்றுவிடும்.

இனி உங்கள் மாலை நேரப் பிரச்சினை. அதற்குப் பெயர் ஜிட்டர், அதாவது தாமதத்தின் ஏற்ற இறக்கம். தினமும் பத்து நிமிடம் தாமதமாக வரும் பேருந்துக்கு நாமும் பத்து நிமிடம் தள்ளிக் கிளம்பப் பழகிவிடலாம். ஒருநாள் சரியாக, ஒருநாள் அரைமணி கழித்து என்று வந்தால் எதற்கும் பழக முடியாது. உங்கள் கை 80 மில்லிசெகண்ட் தாமதத்துக்குப் பழகிவிட்டது. அது 40க்கும் 200க்கும் தாவும்போதுதான் பள்ளத்தில் விழுகிறீர்கள்.

காரணம் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இதை வரிசையாகச் செய்து பாருங்கள்:

டிவிக்கோ லேப்டாப்புக்கோ ரூட்டரிலிருந்து கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ரூட்டர் இருக்கும் அறையிலேயே. 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே சேனலில் மோதும், ப்ளூடூத்தும் அதே அலைவரிசைதான். மாலையில் எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் நிலைமை மோசமாவது இதனால்கூட இருக்கலாம்.

டிவியில் கேம் மோட் போடுங்கள். காட்சியை வழவழப்பாக்கும் அமைப்பு எது இருந்தாலும் அணையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. பிங் (டேட்டா போய்வர எத்தனை மில்லிசெகண்ட் என்று அளக்கும் சோதனை) ஓடவிட்டு, அதே நேரத்தில் ஃபோனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை அப்லோடு செய்யுங்கள். பிங் 20லிருந்து 300க்கு எகிறினால் ரூட்டர் டேட்டாவை நீளமான வரிசையில் நிறுத்திவைக்கிறது என்று அர்த்தம். பஃபர்ப்ளோட் என்பார்கள். வீட்டில் ஒருவருடைய ஃபோன் படங்களை பேக்கப் எடுத்தாலே உங்கள் கேம் திணறும். சில ரூட்டர்களில் இதைச் சரிசெய்ய எஸ்க்யூஎம் என்ற அமைப்பு இருக்கும்.

---

சண்டைக்களம்

கதை கேமுக்குச் சரி. ஃபைட்டிங் கேம் ஆடுகிறவனாகச் சொல்கிறேன், இது எங்களுக்கானது இல்லை.

எங்கள் கேம்கள் ஃப்ரேம் கணக்கில் நடப்பவை. எதிராளியின் ஒரு அடியைப் பார்த்துத் தடுக்க 20 ஃப்ரேம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 ஃப்ரேம் வேகத்தில் அது 333 மில்லிசெகண்ட். கண் பார்த்துக் கை அசையவே 200க்கு மேல் போய்விடும். மிச்சத்தில் ஸ்ட்ரீமிங் 80 எடுத்துக்கொண்டால் கையில் என்ன இருக்கும்? பார்த்துத் தடுக்க முடிந்த அடி, ஊகித்துத் தடுக்க வேண்டிய அடியாக மாறிவிடுகிறது. அப்போது ஆட்டமே வேறு ஆட்டம்.

"ஆன்லைனிலும் தாமதம் உண்டே, அதை ஏற்றுக்கொள்கிறீர்களே" என்று கேட்பார்கள். இப்போதைய நல்ல ஃபைட்டிங் கேம்களில் ரோல்பேக் இருக்கிறது. என் பொத்தானுக்கு என் கன்சோல் உடனே பதில் தரும். எதிராளி என்ன செய்வார் என்பதைத்தான் கேம் ஊகிக்கும், ஊகம் தப்பினால் பின்னால் போய்த் திருத்தும். என் கைக்கும் என் திரைக்கும் நடுவே நெட் இல்லை. கிளவுடில் என் சொந்த அடியே ஊர் சுற்றிவிட்டுத்தான் திரைக்கு வருகிறது. ரோல்பேக்கால் அதைத் தொடவே முடியாது.

ரூட்டர்ராசா சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் இது தீராது.

---

பிக்சல்பித்தன்

படம் பற்றி நிலாப்பொத்தான் கவனித்தவை மிகச் சரி. காரணம் சொல்கிறேன்.

வீடியோவைச் சுருக்குவது முந்தைய ஃப்ரேமிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் அனுப்பும் வேலை. சுவர் நகர்ந்தால் "இந்தச் சுவர் இவ்வளவு இடப்பக்கம் போனது" என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புல், மழை, தூசி, தீப்பொறி ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைவதால் அப்படிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஒதுக்கிய அளவுக்குள் அடக்க வேண்டுமே, அதனால் விவரங்களைத் தூக்கி எறிகிறது. திரைப்படத்தை நேரம் எடுத்துப் பொறுமையாகச் சுருக்கலாம். கேமில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சில மில்லிசெகண்ட்தான், பின்னால் என்ன வரப்போகிறது என்று பார்த்துத் திட்டமிடவும் முடியாது. அதனால் ஒரே எம்பிபிஎஸ்ஸில் திரைப்படம் நன்றாகவும் கேம் சுமாராகவும் தெரியும்.

இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்தால் ஓரம் கலங்கியிருக்கும். பெரும்பாலான ஸ்ட்ரீம்கள் நான்கு பிக்சலுக்கு நான்கு வெளிச்ச மதிப்பும், நிறத்துக்கு ஒரே ஒரு தொகுப்பும் அனுப்புகின்றன. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும், அதனால் இயற்கைக் காட்சிகளில் இது தெரியாது. சின்ன எழுத்துகளில் தெரிந்துவிடும்.

டேட்டா கணக்கையும் போட்டுவிடுகிறேன். 15 எம்பிபிஎஸ் ஸ்ட்ரீம் என்றால் மணிக்கு 6.75 ஜிபி. 35 எம்பிபிஎஸ் என்றால் 15.75 ஜிபி. (கூகுளின் ஸ்ட்ரீமிங் சேவையான ஸ்டேடியா 4கே படத்துக்குக் கேட்டது இந்த 35.) 100 ஜிபி கேமை ஒருமுறை டவுன்லோடு செய்வதும், அதையே 15 எம்பிபிஎஸ்ஸில் பதினைந்து மணி நேரம் ஸ்ட்ரீமில் ஆடுவதும் ஏறக்குறைய ஒரே செலவு. டேட்டாவுக்கு வரம்பு இருப்பவர்கள் நூறு மணி நேரம் இழுக்கும் ஆர்பிஜி வகைக் கதை கேமைத் தொடுமுன் யோசிக்க வேண்டும்.

---

பழையடிஸ்க்

தொழில்நுட்பம் நாளுக்கு நாள் தேறும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கவலை கேம் யாருடையது என்பதில்.

ஆன்லைவ் என்ற கேம் ஸ்ட்ரீமிங் சேவை 2010ல் வந்தது. அப்போது அதைப் பார்த்து வாய்பிளந்தவர்களில் நானும் ஒருவன். 2015 ஏப்ரலில் மூடினார்கள். அங்கே காசு கொடுத்து வாங்கிய கேம்களும் சேவையோடு போயின. அதன் காப்புரிமைகளை சோனி வாங்கிக்கொண்டது. ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரியில் முடிந்தது. கூகுள் கன்ட்ரோலருக்கும் கேம்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் இயங்கவும் திறந்துவிட்டது, அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மணிக்கணக்காகச் சேர்த்த சேவ் ஃபைல்கள் பலருக்குத் திரும்பவில்லை. ஸ்டேடியாவில் மட்டும் வந்த கேம்களும் இருந்தன. அவற்றில் வேறெங்கும் போகாதவற்றை இன்று யாரும் ஆட முடியாது, டிஸ்க்கும் இல்லை, ஃபைலும் இல்லை.

பழைய டிஸ்க் ஒன்று என் அலமாரியில் இருந்தால், கன்சோல் உயிரோடு இருக்கும்வரை யாரையும் கேட்காமல் ஆடுவேன். ஸ்ட்ரீமில் உரிம ஒப்பந்தம் முடிந்த மாதத்தில் கேம் பட்டியலிலிருந்து போய்விடும், நான் பாதியில் இருந்தாலும்.

---

மொட்டைமாடி

பழையடிஸ்க் அண்ணா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அலமாரியில் அடுக்கிவைக்கும் வாய்ப்பு இல்லாதவர்கள் பக்கத்தையும் பாருங்கள். வீட்டில் ஒரே டிவி, அது எனக்குக் கிடைப்பது எல்லோரும் தூங்கிய பிறகு. குழந்தை உறங்கும் நேரத்தில் ஃபோனில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் ஆடுவதுதான் என் கேமிங் மொத்தமும். அந்த அரைமணியில் பாதி அப்டேட்டுக்குப் போனால் எனக்கு ஆட்டமே இல்லை. ஸ்ட்ரீமிங் வந்த பிறகுதான் ஒரு பெரிய கதை கேமை முடிவுவரை ஆடினேன். அந்தக் கேம் என்னுடையதா என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கதை என்னோடு இருக்கிறது.

---

பழையடிஸ்க்

@மொட்டைமாடி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். எனக்கே ஒரு உதாரணம் தெரியும். பிளேஸ்டேஷன் 3ன் செல் பிராசஸர் விசித்திரமான அமைப்பு, அதைப் பிந்தைய கன்சோலில் போலச் செய்து ஓட்டுவது மிகக் கடினம். இன்றும் பிளேஸ்டேஷன் 5ல் அந்தக் காலத்து கேம்களை அப்படியே ஆட வேண்டுமென்றால் ஸ்ட்ரீமிங்தான் ஒரே வழி. 2012ல் சோனி கைகாய் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனத்தை 38 கோடி டாலருக்கு வாங்கியதன் பலன் இது. ஆக, பழைய கேம்களைக் காப்பாற்றுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஸ்ட்ரீமிங் இன்னொரு வழியாக இருக்கட்டும், ஒரே வழியாக ஆக வேண்டாம். விரும்புகிறவர்களுக்கு வாங்கவும் கிடைக்க வேண்டும்.

---

வானோடி

பழைய கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் இதில் லாபம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் நேரடியாக வந்ததே இல்லை, அந்த இயந்திரம் அதைத் தாங்காது. 2022 மார்ச்சில் கிளவுட் வழியாக அதே எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஆட விட்டார்கள். விமானம் ஓட்டுவதில் எல்லாமே மெதுவாக நடக்கும், அதனால் தாமதம் தெரிவதில்லை. எந்த கேம் இதற்குப் பொருந்தும் என்பதற்கு நல்ல உதாரணம்.

---

தாளக்கட்டை

தாளத்துக்குப் பொத்தான் அழுத்தும் ரிதம் கேம் யாராவது முயன்றீர்களா? அதில் தாமதத்தைச் சரிசெய்ய அளவுத்திருத்த அமைப்பு இருக்கிறதே, அதை வைத்து கிளவுடில் ஆட முடியுமா?

---

ரூட்டர்ராசா

@தாளக்கட்டை தாமதம் மாறாமல் இருந்தால் முடியும். 90 மில்லிசெகண்ட் என்று ஒருமுறை அளந்து கொடுத்துவிட்டால் கேம் அதைக் கழித்துக்கொண்டு மதிப்பெண் போடும். ஆனால் ஜிட்டர் இருந்தால் திருத்திய அளவே அடுத்த நொடி தப்பாகிவிடும். கேபிளில் மட்டும் முயன்று பாருங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம், அதன் ஒலித் தாமதம் தனி.

@சண்டைக்களம் நீங்கள் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ரோல்பேக் பற்றி நீங்கள் எழுதிய பத்தியை இந்த இழைக்கு வருகிற எல்லோரும் படிக்க வேண்டும்.

---

நிலாப்பொத்தான்

எல்லோருக்கும் நன்றி. சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

லேப்டாப்புக்குக் கேபிள் போட்டதும் அந்தத் திடீர்க் குழப்பம் அநேகமாக நின்றுவிட்டது. ஃபோனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதில் பாதி சரியாயிற்று, அடுத்த அறைக்குப் போனால் மட்டும் திரும்ப வருகிறது. அப்லோடு சோதனையில் பிங் நன்றாகவே எகிறியது. வீட்டில் ஒருவருடைய ஃபோன் மாலையில் சார்ஜில் போட்டதும் படங்களை பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது! அதை இரவுக்குத் தள்ளிவைத்தோம். என் ரூட்டரில் எஸ்க்யூஎம் இல்லை.

டிவியில் கேம் மோட் போட்டதுதான் ஆச்சரியம். கை கனமாக இருப்பதாக எழுதியிருந்தேனே, அதில் பெரும்பகுதி டிவியின் வேலை. படம் கொஞ்சம் சப்பென்று ஆனாலும் பரவாயில்லை, கேமரா இப்போது கையோடு திரும்புகிறது.

நானாகக் கண்டுபிடித்த ஒன்றையும் சொல்கிறேன். கேமின் அமைப்புகளில் படத்தரத்துக்கும் வேகத்துக்கும் நடுவே தேர்வு இருந்தால், ஸ்ட்ரீமிங்கில் வேகத்தை எடுங்கள். 30 ஃப்ரேமில் ஒவ்வொரு ஃப்ரேமும் 33.3 மில்லிசெகண்ட் எடுக்கும், 60ல் அது பாதி. தரத்தில் இழக்கும் நுணுக்கங்களை எப்படியும் வீடியோ சுருக்கம் தின்றுவிடுகிறது, ஆகவே நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

பிளாட்ஃபார்மர் இன்னும் சரிப்படவில்லை. ஆட முடிகிறது, ஆனால் கடினமான தாவல்களில் தப்பு என்னுடையதா லைனுடையதா என்று தெரியாத சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகம் வந்த பிறகு தோற்றாலும் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. சண்டைக்களம் சொல்வது இதைத்தான் என்று இப்போது புரிகிறது.

---

புதுவரவு

நடுவில் ஒரு கேள்வி. நண்பர் ஒருவர் பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற கையடக்கத் திரைக் கருவி வைத்திருக்கிறார், அதுவும் இதேதானா?

---

பிக்சல்பித்தன்

@புதுவரவு பாதி. 2023 நவம்பரில் போர்ட்டல் வந்தபோது அது ரிமோட் பிளேக்கு மட்டும். கேம் உங்கள் சொந்த பிளேஸ்டேஷன் 5ல் ஓடும், படம் மட்டும் வைஃபையில் கைக்கு வரும். சோனியின் டேட்டா சென்டரிலிருந்து நேரடியாக ஸ்ட்ரீம் செய்யும் வசதியைச் சோதனை முறையில் 2024 நவம்பரில்தான் சேர்த்தார்கள், அதற்கு மேல்நிலைச் சந்தா வேண்டும். ஒரே வீட்டுக்குள் ரிமோட் பிளே என்றால் டேட்டா வெளியே போவதே இல்லை, டேட்டா வரம்பும் செலவாகாது. முடிந்தால் கன்சோலை ரூட்டரோடு கேபிளில் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வைஃபை என்றால் ஒரே காற்றில் டேட்டா இரண்டு முறை பயணிக்க வேண்டியிருக்கும்.

---

மொட்டைமாடி

@நிலாப்பொத்தான் சந்தாவைத் தொடரப்போகிறீர்களா?

---

நிலாப்பொத்தான்

தொடர்கிறேன். டர்ன் பேஸ்டு, கதை கேம்கள் எல்லாம் ஸ்ட்ரீமில். நேரம் பார்த்துக் குதிக்க வேண்டியவற்றை லேப்டாப்பில் நேரடியாக ஓடுகிற அளவுக்குச் சின்னதாகப் பார்த்து வாங்கிக்கொள்வேன். இப்போது மூழ்கியிருக்கும் இரண்டில் ஒன்று பட்டியலிலிருந்து போகப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. மொட்டைமாடி, நீங்கள் முடித்த கதை கேம் அதுவாக இருந்தால் கடைசி அத்தியாயம் எவ்வளவு நீளம் என்று மட்டும் சொல்லுங்கள், கதையைச் சொல்லிவிடாதீர்கள்.